அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆதிமனிதரைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் அதற்கு அரைப்பக்க அளவில் நீங்கள் போட்டிருந்த வண்ணப் படம் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. நீல நிறத்தில் ஏரி, கரையெங்கும் பசும்புல், கிளைகளை வளைத்துக் கட்டிய குடில், அதன் முன் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம். முன்னால் ஒரு பிள்ளை குனிந்து, இரண்டு கைகளாலும் ஏரி நீரை அள்ளிக் குடிக்கிறது. "18 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓல்டுவாய் ஏரிக்கரையில் குடியிருந்த நம் மூதாதையர்" என்று அடியில் எழுதியிருந்தீர்கள். (ஓல்டுவாய், கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவிலுள்ள ஒரு பள்ளத்தாக்கு.)

அந்தப் பிள்ளையைக் குடிக்க விடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். கடிதம் நீண்டுவிட்டது. வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் தண்ணீரைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் தொல்லியல் படித்தவள் அல்ல. ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். அணைக்கும் பாலத்துக்கும் அடித்தளம் போடும் முன் தோண்டிக் கொண்டுவரும் மண்ணைச் சலித்து, கரைத்து, காயவைத்து, எடை போட்டுச் சம்பளம் வாங்கியவள். ஓய்வு பெற்ற பிறகுதான் பழங்கால ஏரிகளைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். எங்கள் கூடத்தில் செய்த வேலையைத்தான் அங்கேயும் செய்கிறார்கள் என்று கண்டபோது ஆச்சரியமாக இருந்தது. எலும்பு வாய் திறப்பதற்கு முன்னால் சேற்றிடம் கேட்டு முடித்துவிடுகிறார்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். மண்ணில் நுண்துகள் எவ்வளவு என்று பார்க்க நாங்கள் ஒரு கரைசல் தயாரிப்போம். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 33 கிராம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட், 7 கிராம் சோடியம் கார்பனேட். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் களிமண் துகள்களைப் பிரித்துவிட அது வேண்டும். அந்தக் கார்பனேட் பொடி ஈரக்கையில் பட்டால் சோப்பைத் தொட்டது போல வழுக்கும். ஓல்டுவாய் ஏரியின் நடுப்பகுதி நீரில் நிறைந்திருந்தது இதே சோடாச் சரக்குதான். சுற்றிலும் எரிமலைப் பாறை. மழை அதைக் கரைத்துக்கொண்டு வந்து ஏரியில் சேர்க்கும். ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது. வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போகும். இன்றும் தான்சானியாவின் நேட்ரான் ஏரியும் கென்யாவின் மகாடி ஏரியும் இப்படித்தான் இருக்கின்றன. பூநாரைகளுக்கு அது சொர்க்கம். பிள்ளைகளுக்கு அல்ல.

வறண்ட பள்ளத்தாக்காகக் கிடக்கும் இடத்தில் 18 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நீரின் சுவை எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ரிச்சர்ட் ஹே என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1960-களில் தொடங்கி அந்தப் பள்ளத்தாக்கின் சுவர்களை ஆண்டுக்கணக்கில் நடந்து அளந்து, 1976-ல் நூலாக வெளியிட்டார். அவருடைய உத்தியில் நான் மயங்கிப்போனேன். பக்கத்து மலைகளில் எரிமலை வெடித்தபோதெல்லாம் சாம்பல் பறந்து வந்து விழுந்திருக்கிறது. ஏரியிலும் விழுந்தது, கரையிலும் விழுந்தது, மேட்டிலும் விழுந்தது. ஒரே வெடிப்பின் சாம்பல் என்பதால் அந்த அடுக்கு எங்கே இருந்தாலும் ஒரே காலம். இனி அதே அடுக்கைப் பக்கவாட்டில் கிலோமீட்டர் கணக்கில் தொடர்ந்து போக வேண்டியதுதான். ஏரியின் நடுவில் விழுந்த சாம்பல் காரநீரில் ஊறி, சியோலைட், பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்களாக மாறியிருக்கிறது. நல்ல நீர் ஓடிய பக்கம் விழுந்தது அவ்வளவாக மாறவில்லை. சாம்பல் எங்கே எப்படி மாறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால், அன்றைய ஏரி எங்கே, கரை எங்கே, ஓடை வந்து விரிந்த இடம் எங்கே என்று வரைபடமே கிடைத்துவிடுகிறது. லிட்மஸ் தாளைப் பள்ளத்தாக்கின் நீளத்துக்கு விரித்துவைத்தது போல.

அந்த வரைபடத்தில் கற்கருவிகள் கிடைத்த இடங்களைப் புள்ளி வைத்துப் பார்த்தால், அடியிலுள்ள முதல் படுகையில் பெரும்பாலானவை ஏரியின் கிழக்கு ஓரத்தில் ஒரு பட்டையாக விழுகின்றன. உங்கள் கட்டுரையாளரும் இதைச் சொல்கிறார். பிறகு ஒரு வரி எழுதுகிறார்: கருவிகள் எல்லாம் ஏரிக்கரைப் படிவுகளிலேயே கிடைத்திருப்பதால், ஆதிமனிதன் ஏரிக்கரையையே வாழிடமாகத் தேர்ந்தெடுத்தான் என்பது உறுதியாகிறதாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தப்பு இந்த வரியைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மண்ணைச் சலித்துவிட்டு, ஒவ்வொரு சல்லடையிலும் நின்றதை எடைபோட்டு நூற்றுக்கு இத்தனை என்று கணக்கு எழுதிக் கொடுத்தேன். பெரியவர் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "தட்டுல விழுந்தது எங்கேம்மா?" எல்லாச் சல்லடையையும் தாண்டி அடித்தட்டில் விழுந்த நுண்மண்ணை நான் எடையே போடவில்லை. சல்லடையில் நின்றதுதான் மொத்த மண் என்று கணக்குப் பண்ணிவிட்டேன். அன்று முழுக்க மறுபடி சலித்தேன்.

ஏரிக்கரையும் சல்லடைதான். மலைச்சரிவிலும் மேட்டுச் சமவெளியிலும் மழை மண்ணை எடுத்துக்கொண்டே போகும். அங்கே ஒருவன் கல்லை உடைத்துவிட்டுப் போனால் அது வெயிலில் கிடக்கும், உருளும், ஓடையில் அடித்துப் போகும். ஏரியின் நடுவிலோ சேறு படிந்துகொண்டே இருக்கும், எதைப் போட்டாலும் மூடிவைக்கும். ஆனால் அங்கே போய்க் கல்லை உடைப்பவர் யார்? கால் நடக்கிற இடமும் சேறு மூடுகிற இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது கரையோரத்து அந்தக் குறுகிய பட்டையில் மட்டும்தான். ஆகவே அவர்கள் பத்து இடங்களில் உட்கார்ந்து எழுந்திருந்தாலும் நமக்குக் கிடைப்பது கரையில் உட்கார்ந்ததாகத்தான் இருக்கும். மற்ற ஒன்பதும் தட்டில் விழுந்த மண்.

அந்தப் பட்டையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. தட்டையான ஏரித்தரையில், ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொண்டால், நீர் ஒரு மீட்டர் ஏறினாலே கரை ஒரு கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும். நல்ல மழைக்காலத்தில் நீருக்கு அடியில் போகும் தரை, வறட்சியில் வெடித்துக் கிடக்கும். இது ஆண்டுதோறும் நடப்பது. அதற்கு மேல் பெரிய அலை ஒன்றும் உண்டு. பூமியின் அச்சு பம்பரம் போலத் தள்ளாடுவதால் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாக மழை கூடியும் குறைந்தும் வந்தது. ஓல்டுவாய் ஏரி அந்தத் தாளத்துக்கு விரிந்து சுருங்கியிருக்கிறது. ஓரிடத்தில் கருவிகள் இருந்து, அதற்கு மேல் ஒரு மீட்டர் களிமண்ணில் ஒன்றுமே இல்லையென்றால், ஆட்கள் மறைந்துபோனார்கள் என்று பொருளாகாது. கரை நகர்ந்திருக்கும், அவர்களும் கூடவே நகர்ந்திருப்பார்கள்.

சேறு எவ்வளவு மென்மையாக மூடும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆயிரம் மில்லி குடுவையில் மண் கரைசலைக் குலுக்கி வைத்துவிட்டுக் கிளம்பும் நேரம். பக்கத்தில் வைத்த பீக்கரின் விளிம்பு உடைந்து, நகத்தளவு கண்ணாடிச் சில்லு குடுவைக்குள் விழுந்தது. மணல் அதற்குள் அடியில் படிந்துவிட்டிருந்தது. மணலுக்குச் சில நொடி போதும், வண்டலுக்கு மணிக்கணக்கு, 2 மைக்ரானுக்குக் குறைந்த களிமண் துகளோ ஒரு நாள் கழித்தும் மிதந்துகொண்டிருக்கும். திங்கட்கிழமை வந்து மேல்நீரை வடித்துப் பார்த்தால், சில்லு மணல்மேல் விழுந்தபடியே படுத்திருக்கிறது, மேலே பாலாடை போல ஒரு களிமண் படலம். விளிம்புகூட மழுங்கவில்லை. அதே குடுவையை நான் இன்னொரு தடவை குலுக்கியிருந்தால் சில்லு எங்கே கிடந்தது என்று சொல்ல யாராலும் முடியாது.

குலுக்காமல் விட்ட குடுவை ஏரிக்கரை, குலுக்கியது ஆறு. கேத்தி ஷிக் என்ற ஆய்வாளர் 1980-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். கற்களைத் தாமே உடைத்து, கருவிகளையும் சில்லுகளையும் வெவ்வேறு இடங்களில் பரப்பிவைத்து, வெள்ளம் வந்துபோன பிறகு என்ன மிச்சம் என்று எண்ணினார். ஓடும் நீர் முதலில் சிறு சில்லுகளைத்தான் தூக்கிக்கொண்டு போகிறது. கனத்த கற்கள் நின்றுவிடுகின்றன. அதனால் ஓரிடத்தில் கனத்த கல் மட்டும் இருந்து துகள் இல்லாவிட்டால் தண்ணீர் கைவைத்த இடம் என்று சந்தேகப்படலாம். நகத்தளவு துகள்கூட இருந்தால், கல் உடைத்தவன் எழுந்துபோன பின் யாரும் அங்கே பெருக்கவில்லை என்று பொருள். 1959 ஜூலை 17 அன்று தொல்லியலாளர் மேரி லீக்கி ஓல்டுவாயில் ஜிஞ்சாந்த்ரோபஸ், சுருக்கமாக ஜிஞ்ச், என்ற ஆதிமனித வகையின் மண்டையோட்டைக் கண்டெடுத்தாரே (கணவர் லூயி லீக்கி அன்று காய்ச்சலில் முகாமிலேயே படுத்திருந்தார்), அந்த இடத்தில் பிறகு தோண்டியபோது ஏறத்தாழ 2,500 கற்கருவிகளும் சில்லுகளும் ஆயிரக்கணக்கான எலும்புத் துண்டுகளும் ஒரே தளத்தில் கிடைத்தன. பொடித்துகள்களும் இருந்தன. மேலே களிமண், அதற்கு மேல் எரிமலைச் சாம்பல். அந்தச் சாம்பலைப் பொட்டாசியம்-ஆர்கான் என்ற பாறை வயதறியும் முறையில் கணித்துத்தான் 1961-ல் 17.5 லட்சம் ஆண்டு என்று அறிவித்து உலகைத் திகைக்கவைத்தார்கள். இப்போதைய கணக்கு 18.4 லட்சம்.

எலும்புக்கு இந்த மூடி இன்னும் அவசரம். கே பெஹ்ரன்ஸ்மேயர் என்ற ஆய்வாளர் 1970-களில் கென்யாவின் அம்போசெலியில், அதுவும் ஒரு வறண்ட ஏரிப் படுகைதான், செத்த விலங்குகளின் எலும்புகள் வெயிலில் எப்படிச் சிதைகின்றன என்று ஆண்டுதோறும் போய்ப் பார்த்தார். வெடிப்பு விழுவது, செதில் உரிவது, நார்நாராகப் பிரிவது என்று 0 முதல் 5 வரை படிநிலைகள் வகுத்தார். மண் மூடாத எலும்புகளில் பெரும்பாலானவை 10 முதல் 15 ஆண்டுகளில் அடையாளம் தெரியாமல் போய்விடுகின்றன. 18 லட்சம் ஆண்டுகளில் அந்த எலும்புக்குக் கிடைத்த அவகாசம் அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான். அதற்குள் சேறு வந்தாக வேண்டும்.

சேறு மூடிய பிறகும் கதை முடிவதில்லை. ஏரியோரக் களிமண் பெரும்பாலும் நாம் கரிசல் என்று சொல்லும் குணமுடையது. நனைந்தால் ஊதும், காய்ந்தால் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பில் மேல்தளத்துச் சில்லு கீழே விழும். மழை பெய்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். ஆயிரம் ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு இரண்டு காலத்துப் பொருள் ஒரே அடுக்கில் கிடக்கும். வெடிப்புச் சுவரில் களிமண் உராய்ந்து பளபளக்கும் வழவழப்பான முகம் ஒன்று உண்டு, அதைத் தடவிப் பார்த்தே "இது வெடிக்கிற மண்" என்று நாங்கள் எழுதிவிடுவோம். அகழாய்வில் அதைத் தேடும் கை அவசியம்.

இனி "குடியிருந்த" என்ற சொல். அந்த மண்டையோடு கிடைத்த ஜிஞ்ச் தளத்தை "வாழ்ந்த தரை" என்று மேரி லீக்கி அழைத்தார். தொல்லியலாளர் கிளின் ஐசக் அதை விரித்து, உணவைக் கொண்டுவந்து பகிர்ந்துண்ட வீட்டுத்தளம் என்றார். 1981-ல் லூயிஸ் பின்ஃபோர்ட் என்ற இன்னொரு தொல்லியலாளர் இரண்டையும் போட்டு உடைத்தார், சிங்கமும் கழுதைப்புலியும் தின்று போட்ட மிச்சத்தை மனிதன் சுரண்டினான், அவ்வளவுதான் என்று. அதே ஆண்டு எலும்புகளில் கல்விளிம்பு அறுத்த கீறல்களை உருப்பெருக்கியில் காட்டி வேறு சிலர் பதில் சொன்னார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை, நான் அதில் தலையிடப் போவதில்லை. ஆனால் குடில்? பக்கத்திலுள்ள டிகே என்ற இடத்தில் எரிமலைக் கற்கள் சுமார் நான்கு மீட்டர் அகலத்துக்கு வட்டமாகக் கிடந்ததைக் கண்டு, காற்றுத்தடுப்புக் குடிலின் அடித்தளம் என்று மேரி லீக்கி கருதினார். உங்கள் ஓவியருக்குக் கிளைக்குடில் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள், அடியில் இருக்கும் பாறையை மரத்தின் வேர் பிளந்து சுற்றிலும் தள்ளியிருந்தாலும் இப்படித்தான் கிடக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். அந்த டிகே தளத்தில் முதலை எலும்பும் ஏராளம். முதலைகளுக்கு நடுவே குடில் கட்டுவது எனக்கு நம்பும்படியாக இல்லை. நெருப்பு மூட்டியதற்கும் அந்த அடிப்படுகையில் உறுதியான தடயம் கிடையாது.

அப்படியானால் ஏன் வந்தார்கள்? இங்கேதான் படத்துப் பிள்ளைக்கு நல்ல செய்தி. ஜிஞ்ச் தளத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி ஒரு சுண்ணப் படிவு இருப்பதை கெயில் ஆஷ்லி குழுவினர் 2010-ல் எழுதினார்கள். நிலத்தடி நல்ல நீர் ஊற்றாகப் பொங்கும் இடத்தில்தான் அப்படிப்பட்ட சுண்ணாம்பு படியும். கிழக்கே உள்ள எரிமலை மேட்டில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, ஏரியின் ஓரத்தில் வெளியே வந்திருக்கிறது. ஏரி கரித்துக் கிடக்க, அதன் கரையில் இனிப்பு நீர். ஊற்று இருந்தால் மரம், மரம் இருந்தால் நிழல், கழுதைப்புலி வந்தால் ஏறிக்கொள்ளக் கிளை. களிமண்ணில் இன்னும் தங்கியிருக்கும் இலை மெழுகின் கார்பனைச் சோதித்து, அந்த இடத்தைச் சுற்றி எங்கே மரம், எங்கே புல், எங்கே சதுப்பு என்றுகூட வரைந்திருக்கிறார்கள். அவர்களை இழுத்தது அந்த ஊற்று. ஏரியின் வேலை, அவர்கள் விட்டுச்சென்றதைச் சேற்றில் பத்திரப்படுத்தியது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் கட்டுரையாளரின் வரி.

ஏரிக்கு ஒன்றுமே பங்கில்லை என்றும் சொல்ல மாட்டேன். கல் விஷயத்தில் அது கடைக்காரராகவே நடந்துகொண்டது. ஜிஞ்ச் காலத்தில் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள நைபோர் சோயிட் குன்றிலிருந்து குவார்ட்சைட் என்ற கல்லைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பிந்தைய, இரண்டாம் படுகையின் காலத்தில், அந்தச் சோடா நீரின் அடிச்சேற்றிலேயே செர்ட் என்ற கல் முண்டு முண்டாக உருவாகியிருந்தது. கண்ணாடி போல உடையும், கத்தி போல வெட்டும் கல். நீர் நிறைந்திருக்கும்வரை அது எட்டாது. ஏரி சுருங்கியபோது தரை வெளிப்பட்டது, கருவி செய்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். மறுபடி நீர் ஏறியதும் கடை மூடிவிட்டது, அவர்களும் பழைய கல்லுக்கே திரும்பினார்கள். கருவிகளின் கல்வகை மாறுவதை அறிவு வளர்ந்ததாகவும் தேய்ந்ததாகவும் எழுதுகிறவர்கள் ஏரியின் நீர்மட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சாம்பலும் ஏமாற்றும். கென்யாவின் துர்க்கானா ஏரிக்குக் கிழக்கே கேபிஎஸ் என்ற சாம்பல் அடுக்குக்கு முதலில் 26 லட்சம் ஆண்டு என்று வயது சொன்னார்கள். அதற்குக் கீழே கிடைத்த பன்றிப் புதைபடிவங்கள் அந்த வயதோடு ஒத்துப்போகாமல் முரண்டுபிடித்தன. ஓடும் நீர் பழைய பாறைத் துகள்களையும் வாரிக்கொண்டு வந்து சாம்பலில் கலந்திருந்தது. பத்தாண்டுச் சண்டைக்குப் பிறகு சுமார் 18.8 லட்சம் என்று முடிந்தது. பன்றிகள் சொன்னதே சரி.

ஏரி இப்படிப் படம் காட்டி ஏமாற்றுவது ஓல்டுவாய்க்கு மட்டும் உரியதல்ல. 1853-54 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி வழக்கத்துக்கு மேல் வற்றியது. ஓபர்மைலனில் சேற்றிலிருந்து மரத்தூண்கள் வரிசையாகத் தலைநீட்டின. ஃபெர்டினாண்ட் கெல்லர் அவற்றைப் பார்த்து, நீருக்கு மேல் மேடை போட்டுக் கட்டிய ஊர் என்று எழுதினார். அது மனதைக் கவரும் படம். ஓவியர்கள் வரைந்து தள்ளினார்கள், பாடப்புத்தகம்வரை போனது. இருபதாம் நூற்றாண்டில் பொறுமையாகத் தோண்டியவர்கள், பல ஊர்கள் ஈரக் கரையில் தரைமேல்தான் நின்றன, பிறகே ஏரி ஏறி அவற்றை மூடியது என்று கண்டார்கள். நீருக்கு மேல் நின்றவையும் சில உண்டு. ஒவ்வொரு தளத்துக்கும் சேற்றைப் பார்த்துத்தான் தீர்ப்பு. ஆனால் அந்த முதல் படத்தைத் துடைத்தெடுக்க நூறாண்டு ஆனது. உங்கள் ஞாயிறு இணைப்பைப் பற்றி நான் இவ்வளவு பதறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1989-ல் இஸ்ரேலில் கலிலேயாக் கடல் என்னும் நன்னீர் ஏரியின் மட்டம் தாழ்ந்தபோது வெளிப்பட்டது ஒஹாலோ என்ற பழங்காலக் குடியிருப்பு. 23,000 ஆண்டுகளுக்கு முன் எரிந்துபோன தழைக்குடில்கள். அங்கே உண்மையிலேயே குடில் இருந்தது, ஓவியர் தாராளமாக வரையலாம். எரிந்த கையோடு நீர் ஏறி வண்டல் மூடியதால், லட்சத்துக்கும் மேற்பட்ட தாவர எச்சங்கள், விதைகளும் பழங்களும், கருகிய நிலையில் தப்பின. நெருப்பும் வெள்ளமும் கொஞ்சம் முன்னே பின்னே வந்திருந்தால் நமக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆஸ்திரேலியாவின் மங்கோ ஏரியில் கதையே வேறு. அங்கே பொருளைக் காத்தது சேறு அல்ல, காற்று. ஏரி நிறைந்திருந்தபோது கரைமணலையும், வற்றியபோது தரையில் பொரிந்த களிமண் உருண்டைகளையும் காற்று கிழக்குக் கரையில் பிறைவடிவ மேடாகக் குவித்தது. அந்த மேட்டுக்குள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் கிடந்த மனித எச்சங்களை 1968-லும் 1974-லும் ஜிம் பௌலர் கண்டார். அவர் ஏரியின் வரலாற்றைத் தேடிப்போன புவியியலாளர், எலும்பைத் தேடிப் போகவில்லை. எங்கள் வர்க்கத்துக்காரர் என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை.

எல்லாமே பத்திரமாக இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஸ்டார் காரில், ஃப்ளிக்ஸ்டன் என்ற மறைந்த ஏரியின் ஓரத்துக் கரிச்சேற்றில், 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய மரமும் கொம்பும் எலும்பும் அற்புதமாகக் கிடந்தன. கிரஹாம் கிளார்க் 1949 முதல் 1951 வரை தோண்டி எடுத்தார். இந்த நூற்றாண்டில் மறுபடி தோண்டியபோது சில எலும்புகள் கையில் கூழாக நெளிந்தன. சுற்றுநிலத்தில் வடிகால் வெட்டி நீர்மட்டம் தாழ்ந்ததால் காற்று உள்ளே புகுந்து, சேறு அமிலமாகிவிட்டது. பதினோராயிரம் ஆண்டு காத்த மண், தண்ணீரை எடுத்ததும் சில பத்தாண்டுகளில் கைவிட்டது. எந்தப் பழைய ஏரிப்படுகையிலும் வடிகால் திட்டம் வரையும்போது மண் பரிசோதனை அறிக்கையில் இதற்கு ஒரு வரி இடமிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நான் பணியில் இருந்தபோது அப்படி ஒரு வரியை எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவும் இல்லை.

ஓவியரிடம் கோபம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவர் கை நல்ல கை. அடுத்த முறை வரைந்தால் குடிலையும் நெருப்பையும் எடுத்துவிடட்டும். ஏரியின் நீலத்தைக் குறைத்து, தூரத்தில் வைத்து, ஓரமெல்லாம் சோடா பூத்த வெள்ளைக் கோடு இழுக்கட்டும், பூநாரைகள் நிற்கட்டும். முன்புறம் கோரையும் சில மரங்களும், மரத்தடியில் உடைந்த கல்லும் எலும்பும் போதும். பிள்ளையை அந்த ஊற்றுப் பக்கம் நகர்த்திக் குடிக்கவைக்கலாம். ஆனால் தனியாக விட வேண்டாம். ஓல்டுவாயின் முதலை இனத்துக்கு 2010-ல் ஆய்வாளர்கள் வைத்த அறிவியல் பெயருக்கே "மனிதனைத் தின்னி" என்றுதான் பொருள். அங்கே கிடைத்த மூதாதையர் பாத எலும்பு ஒன்றில் முதலைப் பல் பதிந்த தடம் இருக்கிறது. அம்மா ஒரு கல்லோடு பக்கத்தில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
மண் பரிசோதனைக் கூட உதவியாளர் (ஓய்வு)